அரைத்த மாவையே அரைக்கும் கணினிகள்

சொந்த கிளஸ்டரில் பில்ட் கேஷ்: நிறுவுவது எளிது, நம்புவதுதான் கஷ்டம்

நாற்பது பேர் கொண்ட ஓர் ஆண்ட்ராய்டு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்ததும் எல்லோரும் மெயின் பிராஞ்சிலிருந்து நேற்றைய மாற்றங்களை இறக்குகிறார்கள், பில்ட் பட்டனை அழுத்துகிறார்கள். அதே கோப்புகள், அதே கம்பைலர், அதே விடை. அந்த ஒரே விடையை நாற்பது லேப்டாப்களும் ஃபேன் அலற அலறத் தனித்தனியாகக் கண்டுபிடிக்கின்றன. டீக்கடைக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது என்று மகிழ்கிறவர்களும் உண்டு. கம்பைல் முடியும்வரை நாற்காலிகளின் மேல் ஏறி நின்று வாள்சண்டை போடும் இரண்டு புரோகிராமர்களை எக்ஸ்.கே.சி.டி. என்ற இணையச் சித்திரத் தொடர் 2007-லேயே வரைந்துவிட்டது. அந்தச் சித்திரத்துக்கு இன்னும் வயதாகவில்லை.

சி.ஐ. சர்வரின் நிலைமை இதைவிட மோசம். யாராவது ஒரு வரியை மாற்றி அனுப்பினாலே போதும், அங்கே புதிதாக ஒரு கன்டெய்னர் பிறக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்கிறது, டெஸ்ட் ஓட்டுகிறது, செத்துப்போகிறது. கற்றுக்கொண்டதையெல்லாம் கூடவே கொண்டுபோய்விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துப் பிறக்கும் அடுத்த கன்டெய்னருக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தொடங்கும் என்பதற்காகத்தான் கன்டெய்னரைத் தேர்ந்தெடுத்தோம். அந்தச் சுத்தத்துக்கான விலையை கிளவுட் பில்லில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து பில்ட் கேஷ். ஒருமுறை கம்பைல் செய்த விடையைப் பொது இடத்தில் போட்டு வைப்பது, அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். இந்த வசதியை மாதக் கட்டணத்துக்குத் தர நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் வைத்திருக்கும் இடங்களில் அதை அங்கேயே சொந்தமாக நடத்திக்கொள்ளலாம். தெரிந்தவர் கைக்கு அரை நாள் வேலை. அரை நாளில் முடிந்துவிடுகிறது என்பதே இதில் சிக்கல். முடிந்ததும் எல்லோரும் வேகத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். அந்தப் பொது இடத்தில் யார் எதைப் போடலாம் என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

வீணாய்ப்போன ஒரு காலைப்பொழுது

மறுபடி செய்ய வேண்டாத வேலையைச் செய்யாமல் விடுவது எப்படி என்ற கேள்விக்கு ஐம்பது வயது. 1976-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் தன் சகா ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் தன் தலைவிதியைத் திட்டிக்கொண்டே நுழைந்தார். காலை முழுக்க ஒரு பிழையைத் துரத்தியிருக்கிறார். அந்தப் பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார் என்பதுதான் வேடிக்கை. திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாததால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மேனும் இதே அவஸ்தையைத்தான் பட்டிருந்தார். அந்த எரிச்சலில் பிறந்த கருவி ‘மேக்’. 2003-இல் அதற்காக ஃபெல்ட்மேனுக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

மேக் பார்ப்பது கடிகாரத்தை. மூலக் கோப்பு மாறிய நேரம் விடைக் கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதா? ஆமாம் என்றால் கம்பைல், இல்லை என்றால் தொடாதே. ஒரே கணினியில் ஒரே ஆள் வேலை செய்யும்வரை இது பிரமாதமாக ஓடும். புதிதாகப் பிறந்த கன்டெய்னரில் எல்லாக் கோப்புகளும் இப்போதுதான் இறங்கியவை. அங்கே கடிகாரத்தைக் கேட்டால் எல்லாமே புதுசு என்றுதான் சொல்லும்.

எப்போது மாறியது என்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த படி. சாம்பா, ஆர்சிங்க் ஆகியவற்றைத் தந்த ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 2002-இல் வெளியிட்ட ‘சி-கேஷ்’ இந்த வழியைப் பரவலாக்கியது. நிரலின் உள்ளடக்கத்தையும் கம்பைலருக்குத் தரும் கட்டளைகளையும் சேர்த்து ஒரு ஹாஷ் கணக்கிடு; அதே ஹாஷ் முன்பு வந்திருந்தால் அப்போது கிடைத்த விடையையே கொடு. கூகுள் இதையே பல்லாயிரம் ஊழியர்களுக்குப் பொதுவாக்கியது. 2015 ஜனவரிக் கணக்குப்படி அதன் ஒரே களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரி நிரல் இருந்தது. அதை ஒவ்வொருவரும் தன் மேஜையில் கம்பைல் செய்வது நடக்கிற காரியமா? அங்கே உள்ளே ஓடிக்கொண்டிருந்த ‘பிளேஸ்’ கருவியின் பெரும்பகுதி 2015 மார்ச்சில் ‘பேசல்’ என்ற பெயரில் வெளியே வந்தது. ஜாவா, ஆண்ட்ராய்டு உலகில் புழங்கும் ‘கிரேடில்’ 2017-இல் 3.5 பதிப்போடு பில்ட் கேஷைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் அறிமுகமாவது இதனோடுதான்.

ஒரே ஒரு நேரமுத்திரை போதும்

கேஷின் உயிர் அந்த ஹாஷில் இருக்கிறது. கிரேடில் ஒவ்வொரு டாஸ்க்கையும் ஓட்டும் முன் அதன் உள்ளீடுகள் அனைத்தையும் கூட்டி 32 எழுத்து நீளத்தில் ஒரு கேஷ் கீ உண்டாக்கும். மூலக் கோப்புகள், சார்ந்திருக்கும் லைப்ரரிகள், கம்பைலர் அமைப்புகள், ஜாவாவின் பதிப்பு, அந்த டாஸ்க்கைச் செய்யும் நிரல் எல்லாம் அதில் அடக்கம். பிறகு கேஷ் சர்வரிடம் சாதாரண எச்.டி.டி.பி. ‘கெட்’ கோரிக்கை ஒன்று போகும். பொருள் இருந்தால் வந்து சேரும். திரையில் அந்த டாஸ்க்கின் பெயருக்கு எதிரே ‘ஃப்ரம்-கேஷ்’ என்று விழும். இல்லாவிட்டால் 404. வழக்கம்போல கம்பைல் செய்துவிட்டு விடையை ஒரு ‘புட்’ கோரிக்கையில் ஏற்றிவிடும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அப்படியென்றால், உள்ளீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் கீ மாறிவிடும். இங்கேதான் பல குழுக்கள் சறுக்குகின்றன. கேஷ் சர்வரை அழகாக நிறுவி, டாஷ்போர்டைத் திறந்தால் ஹிட் விகிதம் தரையில் கிடக்கும். காரணம் பெரும்பாலும் அற்பமானது. ஆண்ட்ராய்டு புராஜெக்டில் யாரோ ஒருவர், எந்த பில்ட் என்று தெரிந்துகொள்ள வசதியாக, பில்ட்கான்ஃபிக் வகுப்புக்குள் அந்த நொடியின் நேரத்தை எழுதும் ஒரு வரியை எப்போதோ சேர்த்திருப்பார். நொடிக்கு நொடி உள்ளீடு மாறுகிறது. அந்த வகுப்பைச் சார்ந்த மாடியூலில் நேற்று சேமித்தது இன்று உதவாது, இன்று சேமிப்பது நாளைக்கு உதவாது. அந்த வரியை வெளியீட்டுக்கான பில்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் நோய் தீர்ந்தது.

இன்னொன்று நம் அலுவலகங்களில் ரொம்ப சகஜம். டெவலப்பர்கள் கையில் விண்டோஸ், சி.ஐ. ஓடுவது லினக்ஸில். வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் இரண்டு எழுத்து போடும், லினக்ஸ் ஒன்றே போடும். கிட் மென்பொருளின் அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் ஒரே கோப்பு இரண்டு இடத்திலும் வெவ்வேறு உள்ளடக்கமாகிவிடும். கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு இரண்டு. கோப்பின் எழுத்துக் குறியாக்கமும் இதே வேலையைச் செய்யும். ஒருவர் ஜே.டி.கே. 17, இன்னொருவர் 21 வைத்திருந்தாலும் கம்பைல் விடைகள் கைமாறாது. சர்வருக்கு இன்னும் நினைவகம் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், ஒரே கமிட்டை இரண்டு வெவ்வேறு கணினிகளில் பில்ட் செய்து எந்தெந்த டாஸ்க்கில் கீ வேறுபடுகிறது என்று பார்ப்பது நல்லது. சர்வர் நிறுவுவது அரை நாள் என்றால் இந்தத் துப்பறியும் வேலை சில வாரம் பிடிக்கும். உண்மையான உழைப்பு இங்கேதான். இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

டெபியன் லினக்ஸ்காரர்கள் 2013 முதல் ‘ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ்’ என்று ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். ஒரே மூலத்திலிருந்து யார் எங்கே பில்ட் செய்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே விடை வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கேஷ் வைத்திருப்பவர்களும் போக வேண்டிய பாதை அதுதான்.

ஏன் சொந்தமாக?

வெளியே வாடகைக்குக் கிடைக்கும்போது சொந்தமாக எதற்கு என்று கேட்கலாம். கம்பைல் செய்த விடை என்பது உங்கள் நிரலேதான், வேறு உருவத்தில். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ வேலை செய்யும் குழுக்களில், அது நிறுவன எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தமே சொல்லும். அடுத்தது தூரம். சிறு சிறு பொருள்களை ஒரே பில்டில் ஆயிரக்கணக்கில் இறக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் கண்டம் தாண்டிப் போய்வந்தால், கம்பைல் செய்வதே சீக்கிரம் முடிந்துவிடும். சி.ஐ. பாட்களும் கேஷும் ஒரே கிளஸ்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாமதம் இல்லை. நாலு பேர் குழுவுக்கு இதெல்லாம் தேவையில்லை, சி.ஐ. சேவையோடு இலவசமாக வருவதே போதும்.

கிளஸ்டரில் ஏற்றும்போது

கிரேடில் வைத்திருப்பவர்களுக்கு ‘பில்ட் கேஷ் நோட்’ என்று ஒரு கன்டெய்னர் இமேஜ் கிடைக்கிறது. 5071 என்ற போர்ட்டில் கேட்கும், ‘டேட்டா’ என்ற கோப்புறையில் எழுதும். பேசல்காரர்கள் பலரும் பயன்படுத்துவது ‘பேசல்-ரிமோட்’. கோ மொழியில் எழுதிய சின்ன நிரல் அது. 8080-இல் எச்.டி.டி.பி., 9092-இல் ஜி.ஆர்.பி.சி. அதிகபட்சம் இத்தனை ஜி.பி. என்று சொல்லிவிட்டால், நிறைந்ததும் ரொம்ப நாளாக யாரும் தொடாததைத் தானே தூக்கி எறியும். வட்டின் முழு அளவையும் அந்த எல்லையாகக் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் இடம் விடுங்கள். வட்டு முழுக்க நிறைந்தால் பாட் தடுமாறும்.

குபெர்னெட்டிஸில் இதை டெப்லாய்மென்டாகப் போடலாமா, ஸ்டேட்ஃபுல்செட்டாகவா என்று விவாதம் நடக்கும். வட்டு ஒரே நோடில்தான் ஒட்டும் வகை என்றால், டெப்லாய்மென்டின் இயல்பான ரோலிங் அப்டேட் சண்டித்தனம் செய்யும். புது பாட் வேறொரு நோடில் எழுந்து வட்டைக் கேட்கும். பழைய பாட் விடாது. பழையது போகாமல் புதியது தயாராகாது, புதியது தயாராகாமல் பழையது போகாது. ‘ரீகிரியேட்’ முறைக்கு மாற்றினால் முடிச்சு அவிழும், ஸ்டேட்ஃபுல்செட் போட்டாலும் சரி. சில நிமிடம் கேஷ் இல்லாமல் போகுமே என்று பதற வேண்டாம். கேஷ் பதில் சொல்லாவிட்டால் கிரேடில் அந்த பில்டுக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டுத் தானே கம்பைல் செய்துகொள்ளும். செத்த கேஷ் தொந்தரவு தராது. இழுத்துக்கொண்டு கிடக்கும் மெதுவான கேஷ்தான் எல்லோரையும் கூடவே இழுக்கும்.

பேசல்-ரிமோட்டில் இன்னொரு கண்ணி. தொடங்கும்போது வட்டில் இருப்பதையெல்லாம் ஒருமுறை படித்துப் பட்டியல் போட்டுக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கும். கேஷ் பெருக்கப் பெருக்க இந்த நேரமும் நீளும். லைவ்னெஸ் புரோபில் பொறுமை குறைவாக வைத்திருந்தால், பட்டியல் முடியும் முன்பே குபெர்னெட்டிஸ் அதைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்கும். மறுபடி பட்டியல், மறுபடி கொலை. முதல் மாதம் நன்றாக ஓடிய சர்வர் ஆறாம் மாதம் எழுந்திருக்கவே மாட்டேன் என்பது இதனால்தான். ஸ்டார்ட்-அப் புரோப் ஒன்றைத் தாராளமான அவகாசத்தோடு வைத்தால் போதும்.

சி.ஐ. கிளஸ்டருக்கு வெளியே இருந்தால் நடுவில் என்ஜின்எக்ஸ் இங்க்ரெஸ் வரும். அதன் இயல்பான அமைப்பில் ஒரு கோரிக்கையின் உடல் 1 எம்.பி.க்கு மேல் போகக் கூடாது. அதைவிடப் பெரிய பொருளை ஏற்ற முயன்றால் 413 என்று திருப்பி அனுப்பிவிடும். பில்ட் தோற்காது, யாருக்கும் அலாரம் அடிக்காது. ஆனால் கம்பைல் செய்ய அதிக நேரம் எடுக்கும் பெரிய பொருள்கள்தான் பெரும்பாலும் 1 எம்.பி.யைத் தாண்டும். எதற்காக கேஷ் வைத்தோமோ அதுவே உள்ளே போகாமல், சில்லறை மட்டும் சேமிப்பாகும். அந்த ஒரு எண்ணை உயர்த்த ஓர் அனொட்டேஷன் போதும். ஆனால் இப்படி ஒரு தடை இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே!

அமேசானில் கிளஸ்டர் பல ஸோன்களில் பரந்திருந்தால் பில்லையும் ஒரு கண் பாருங்கள். ஸோன் தாண்டும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் திசைக்கு 1 சென்ட் என்று விழும். சில்லறைதான், பில்ட் ஓயாமல் ஓடும் இடத்தில் சில்லறையும் சேரும்.

தொலைந்தால் பரவாயில்லை, கெட்டால்?

கேஷின் இயல்பே இதுதான்: மொத்தமாக அழிந்தாலும் நஷ்டம் ஒரு நாள் மெதுவான பில்ட். மறுநாள் தானே நிறைந்துவிடும். ஆகவே பேக்கப் வேண்டாம், மூன்று பிரதிகள் வேண்டாம். ஆனால் பல இடங்களில் வட்டுக்கு இரவுதோறும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறார்கள், எழுதும் உரிமையை மட்டும் அலுவலகம் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டிய இடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதே என் புகார்.

தெருமுனையில் மாவு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு, கடை ஒருநாள் மூடியிருந்தால் பெரிய கஷ்டமில்லை, கிரைண்டர் இருக்கிறது. மாவில் யாரோ எதையோ கலந்திருந்தால்தான் வம்பு. அதிலும் பாக்கெட்டைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

பேசலின் கட்டமைப்பைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே இரண்டு பகுதிகள். ஒன்றில் பொருள்கள் அவற்றின் சொந்த உள்ளடக்கத்தின் ஷா-256 ஹாஷையே முகவரியாகக் கொண்டு இருக்கும். அங்கே பொய் சொல்ல முடியாது. உள்ளடக்கத்தை ஹாஷ் செய்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு பகுதி, இந்த வேலையைச் செய்தால் இந்த விடை வரும் என்று குறித்து வைக்கும் ஆக்‌ஷன் கேஷ். அந்தக் குறிப்பு உண்மையா என்று சரிபார்க்க ஒரே வழி, அந்த வேலையைத் திரும்பச் செய்து பார்ப்பது. அதைச் செய்யாமல் தப்பிக்கத்தானே கேஷே? கிரேடிலின் கீயும் இந்த இரண்டாவது வகைதான். உள்ளீட்டின் கையொப்பம் அது, விடைக்கு உத்தரவாதம் அல்ல. சரியான கீக்குக் கீழே யார் எதை வைத்தாலும் அடுத்தவர் கணினி நம்பி எடுத்துக்கொள்ளும்.

2025 ஜூனில் வெளியான சி.வி.இ-2025-36852 இதைத்தான் சொன்னது. ‘கிரீப்’ என்று பெயரிடப்பட்ட இந்தப் பலவீனத்தை வெளிப்படுத்தியவர்கள் என்எக்ஸ் என்ற பில்ட் கருவியின் குழுவினர். எஸ்3 மாதிரியான சேமிப்பகத்தில் எல்லா பிராஞ்சுகளுக்கும் பொதுவாக கேஷ் வைத்திருந்தால், புல் ரெக்வெஸ்ட் அனுப்ப முடிகிற யாரும் உற்பத்தி பில்டை நஞ்சாக்க முடியும். நல்ல நிரலுக்குரிய கீயைக் கணக்கிட்டு, மெயின் பிராஞ்ச் பில்ட் ஆகும் முன் அந்த இடத்தில் கெட்ட விடையை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மூல நிரலில் ஒரு வரிகூட மாறாது. கோட் ரிவ்யூ செய்கிறவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எதுவும் தட்டுப்படாது. என்எக்ஸ் குழுவின் நிறுவனம் கட்டண கேஷ் சேவையும் விற்கிறது, ஆகவே சொந்தமாக நடத்தாதே என்று சொல்வதில் அவர்களுக்கு லாபம் உண்டு. அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது.

நிரலைப் படித்து மட்டும் ஒரு மென்பொருளை நம்ப முடியாது என்று கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையிலேயே காட்டினார். கம்பைலருக்குள் ஒளிந்துகொள்ளும் பின்கதவு அவருடைய உதாரணம். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம் வெடித்தபோது, ஊடுருவியவர்கள் கை வைத்திருந்தது அந்த நிறுவனத்தின் பில்ட் சர்வரில். கம்பைல் நடக்கும் தருணத்தில் மட்டும் ஒரு மூலக் கோப்பை மாற்றிவைக்கும் நிரல் ஒன்றை அங்கே நுழைத்திருந்தார்கள். நச்சு கலந்த அந்தப் பதிப்பு சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போயிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. அங்கே கை வைக்கப்பட்டது கேஷில் அல்ல. ஆனால் கள்ளனுக்கு பில்ட் நடக்கும் இடத்தின் அருமை தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. படிக்க எல்லோருக்கும் உரிமை, எழுத மெயின் பிராஞ்சை பில்ட் செய்யும் சி.ஐ.க்கு மட்டும். டெவலப்பர் லேப்டாப் எழுத வேண்டாம், புல் ரெக்வெஸ்ட் பில்டும் எழுத வேண்டாம். கிரேடில் ஆவணங்கள் சொல்லும் வழக்கமும் ஏறக்குறைய இதுதான். கிரேடில் அமைப்பில் ‘புஷ்’ என்பதை சி.ஐ.யில் மட்டும் உண்மை என்று வைப்பது முதல் படி. அது கிளையன்ட்டின் நல்லெண்ணம் மட்டுமே. சர்வரிலும் பூட்ட வேண்டும். பேசல்-ரிமோட் எந்த அமைப்பும் தராமல் தொடங்கினால் கடவுச்சொல் கேட்பதில்லை. பயனர் பட்டியல் கோப்பு ஒன்றைக் கொடுத்து, கடவுச்சொல் இல்லாதவர் படிக்க மட்டும் அனுமதி என்ற கொடியையும் சேர்க்க வேண்டும். எழுதும் கடவுச்சொல் குபெர்னெட்டிஸ் சீக்ரெட்டில், மெயின் பிராஞ்ச் பில்ட் ஓடும் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் போகும் வெளியீட்டு பில்டை கேஷையே தொடாமல் முழுக்கக் கம்பைல் செய்யும் குழுக்களும் உண்டு. மெதுவானதுதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும் வெளியீட்டுக்கு அந்தத் தாமதம் தகும் என்பது என் கட்சி.

இப்படிப் பூட்டினால் ஹிட் விகிதம் குறையாதா என்பார்கள். கொஞ்சம் குறையும். ஒரு டெவலப்பர் தன் பிராஞ்சில் கம்பைல் செய்தது பக்கத்து மேஜைக்குப் போய்ச் சேராது. ஆனால் பெரும்பாலான ஹிட்கள் மெயின் பிராஞ்சிலிருந்து வருபவை, அவை அப்படியே இருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே எந்தக் கடவுச்சொல்லும் இல்லாத ஒரு லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரு புட் கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். 401 அல்லது 403 வந்தால் நல்லது. 200 வந்தால், எழுதும் வழியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.